"மூணு படிதானே சார்..!" மாற்றுத்திறனாளிகளுக்கு வீடு கிடைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? சட்டம் என்ன சொல்கிறது?

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறீர்கள். ஏரியா ஓகே. வாடகை ஓகே. தண்ணீர் பிரச்னை இல்லை. மாடியும் இல்லை, தரைத்தளம்தான். வாசலில் போய் நிற்கும்போதுதான் அந்த மூன்று படிகள் கண்ணில் படுகின்றன.

"மூணு படிதானே சார்... ரெண்டு பேர் பிடிச்சா தூக்கிடலாம்" என்கிறார் புரோக்கர்.

ஒரு நாள் தூக்கலாம். ஆனால் காலையில் வேலைக்குப் போகும்போது, சாயங்காலம் திரும்பும்போது, மருந்துக்கடைக்குப் போகும்போது, கரண்ட் போய் காற்று வாங்க வாசலுக்கு வரும்போது? ஒவ்வொரு முறையும் அந்த ரெண்டு பேருக்கு எங்கே போவது?

சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்கு வீடு தேடுவது என்பது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பலருக்கு அந்த வாசலிலேயே முடிந்தும் போகிறது. பேருந்து, ரயில் நிலையம், அரசு அலுவலகம் பற்றியெல்லாம் நாம் அவ்வப்போது பேசுகிறோம். ஆனால் ஒரு மனிதன் நாளின் பாதிக்கு மேல் இருக்கும் இடமான வீட்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சட்டம் என்ன சொல்கிறது? எங்கே ஓட்டை? என்ன கேட்கலாம்? பார்க்கலாம்.

எத்தனை பேருக்கான பிரச்னை இது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர்.

இந்த எண்ணிக்கை பழசு என்பது ஒரு பக்கம். இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மொத்தம் 21 வகை குறைபாடுகளை அங்கீகரித்தது. 2011-ல் கணக்கெடுத்தபோது அவ்வளவு வகைகள் இல்லை. ஆக, இன்றைய கணக்கு இதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

இதோடு வயதானவர்களைச் சேர்த்துப் பாருங்கள். மூட்டுத் தேய்மானம், பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு என்று வந்த பிறகு மாடி வீட்டிலேயே அடைபட்டுக் கிடக்கும் தாத்தா, பாட்டி இல்லாத தெரு உண்டா? அவர்களிடம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்காது. ஆனால் பிரச்னை அதேதான்.

சாய்தளம் போட்டுவிட்டால் போதாதா?

போடலாம். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது.

மத்திய அரசின் அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின்படி சாய்தளத்தின் சரிவு 1:12 இருக்க வேண்டும். அதாவது 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். ஒரு படி அரை அடி என்று வைத்துக்கொண்டால், மூன்று படிக்கு ஒன்றரை அடி உயரம். அதற்கு 18 அடி நீளத்தில் சாய்தளம் தேவை.

நம் ஊரில் 20 அடி முகப்பு உள்ள மனையில், வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் 18 அடிக்கு எங்கே போவது? தெருவில் நீட்டினால் அது ஆக்கிரமிப்பு, மாநகராட்சி இடிக்கும். இருக்கிற 5 அடிக்குள் முடித்தால் அது சாய்தளம் இல்லை, சறுக்கு மரம். ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழும். இறங்கும்போது நேராக ரோட்டுக்குப் போய்விடும்.

அப்படியென்றால் வீட்டைத் தாழ்வாகக் கட்டலாமே? அதுவும் சுலபமில்லை. மழை வந்தால் தண்ணீர் உள்ளே வரும். ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுகிறார்கள் என்ற பயத்தில், வீடு கட்டுகிறவர்கள் ஆரம்பத்திலேயே ரெண்டு, மூணு அடி தூக்கிக் கட்டுகிறார்கள். அந்த உயரம்தான் ஒருவரை வீட்டுக்கு வெளியே நிறுத்துகிறது.

இதனால்தான் சாய்தளத்தைக் கடைசியில் ஒட்டவைக்க முடியாது, வரைபடத்திலேயே யோசிக்க வேண்டும் என்கிறார்கள். பக்கவாட்டுச் சந்து வழியாக L வடிவில் கொண்டு போவது, நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்புவது என்று வழிகள் உண்டு. அஸ்திவாரம் போடுவதற்கு முன் யோசித்தால்தான் அது நடக்கும்.

பாத்ரூம் கதவு எத்தனை அடி?

வாசலைத் தாண்டியாச்சு. அடுத்தது பாத்ரூம்.

வழிகாட்டுதல்கள் கதவுக்குக் கேட்கும் தெளிவான அகலம் 900 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 3 அடி. நம் வீடுகளில் பாத்ரூம் கதவு பெரும்பாலும் இரண்டரை அடிதான். அதில் நிலையையும் கதவின் தடிமனையும் கழித்தால் மிச்சம் இருக்கும் இடைவெளியில் பல சக்கர நாற்காலிகள் நுழையாது.

நுழைந்தாலும் திரும்ப இடம் வேண்டும். ஒரு நாற்காலி முழு வட்டம் திரும்ப 1,500 மில்லிமீட்டர், அதாவது 5 அடி விட்டம் தேவை. 4 அடி அகல பாத்ரூமில் அது நடக்காது. இந்தியன் டாய்லெட் மட்டுமே இருக்கும் வாடகை வீடு என்றால் பேச்சே இல்லை.

விளைவு என்ன தெரியுமா? வெளியே யாரும் சொல்லாத விஷயம் இது. பாத்ரூம் போக இன்னொருவர் உதவி வேண்டும் என்பதற்காகவே பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். அரை அடி கதவு, ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போய் விடுகிறது.

2022 நவம்பரில் சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை திறக்கப்பட்டது நினைவிருக்கும். முதல்முறையாக அலை வரைக்கும் போனவர்களின் சந்தோஷத்தை எல்லோரும் பார்த்தோம். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமானதும் செய்தியானது. கடற்கரைக்குப் பாதை கேட்டது நியாயம். அதே ஆள் வீடு திரும்பியதும் தன் பாத்ரூமுக்குள் தனியாகப் போக முடிகிறதா என்பது செய்தியாவதே இல்லை.

சக்கர நாற்காலி மட்டும்தான் பிரச்னையா?

இல்லை. மாற்றுத்திறனாளி என்றாலே சக்கர நாற்காலி படம்தான் நமக்கு வருகிறது. 2011 கணக்கெடுப்பில் நகர்வுக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 20 சதவீதம். பார்வைக் குறைபாடும் செவித்திறன் குறைபாடும் தலா சுமார் 19 சதவீதம்.

பார்வையற்றவர் வாடகைக்குக் கேட்டால் ஓனரின் முதல் கேள்வி, "கேஸ் அடுப்பை எப்படிப் பத்த வைப்பாங்க? ஏதாவது ஆச்சுன்னா?" உண்மையில் பல வருடமாகத் தனியாகச் சமைப்பவருக்கு அடுப்பு ஒரு சிக்கலே இல்லை. வீட்டுக்கு வெளியே மூடாத சாக்கடை, மாடிப்படியில் இல்லாத கைப்பிடி, குரல் அறிவிப்பு இல்லாத லிஃப்ட், இவைதான் சிக்கல்.

காது கேளாதவருக்கு காலிங் பெல் அடித்தால் எரியும் ஒரு விளக்கு போதும். ஆனால் தீ எச்சரிக்கை மணி ஒலியோடு மட்டும் நின்றுவிட்டால், அபார்ட்மென்ட்டில் கடைசியாக விஷயம் தெரிவது அவருக்குத்தான்.

ஆட்டிசம் அல்லது அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னொரு தலைவலி. "சத்தம் வருது, பக்கத்து வீட்டுக்காரங்க கம்ப்ளைன்ட் பண்றாங்க" என்று 11 மாத ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே காலி செய்யச் சொல்வார்கள். இது எந்தக் கணக்கெடுப்பிலும் வராது.

அரசு வீடுகளில் 5% ஒதுக்கீடு உண்டாமே?

உண்டு. 2016 சட்டத்தின் பிரிவு 37, அரசின் வீட்டுவசதித் திட்டங்களிலும் நில ஒதுக்கீட்டிலும் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீத இடஒதுக்கீடு தர வேண்டும் என்கிறது. அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. நகர்ப்புற பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் வழிகாட்டுதல்கள், மாற்றுத்திறனாளி இருக்கும் குடும்பத்துக்குத் தரைத்தளம் அல்லது கீழ்த்தளத்தில் வீடு ஒதுக்க முன்னுரிமை தரச் சொல்கின்றன.

காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. நடைமுறையில் மூன்று இடங்களில் இடிக்கிறது.

முதலாவது, பட்டா. கிராமப்புற பிரதமர் வீட்டுவசதித் திட்டமானாலும், தமிழ்நாடு அரசு 3.5 லட்சம் ரூபாய் தரும் 'கலைஞரின் கனவு இல்லம்' ஆனாலும், வீடு கட்ட இடம் உங்களிடம் இருக்க வேண்டும். "அவனுக்கு எதுக்கு பாகம், நாங்கதானே பார்த்துக்கிறோம்" என்று அண்ணன் தம்பி பெயரில் எழுதப்பட்ட சொத்துகள் நம் ஊரில் எத்தனை? மாற்றுத்திறனாளிப் பெண் என்றால் இன்னும் மோசம். சொத்து வைத்திருக்கவும் வாரிசாகப் பெறவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்று அதே சட்டத்தின் பிரிவு 13 தெளிவாகச் சொல்கிறது. ஆனால் பாகப்பிரிவினை பேச்சில் அந்தப் பிரிவை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமே!

இரண்டாவது, ஒதுக்கீடு ஆளுக்குக் கிடைக்கிறது, வீடு மாறுவதில்லை. 5 சதவீதத்தில் பெயர் வந்து சாவியும் கைக்கு வரும். வீட்டுக்குள் போனால் எல்லோருக்கும் போட்ட அதே இரண்டரை அடி கதவு, அதே படி.

மூன்றாவது, இடம். சென்னையில் கரையோரங்களிலிருந்து அகற்றப்பட்டவர்கள் பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். பல மாடிக் கட்டடங்கள். லிஃப்ட் பழுது என்பது அங்கே குடியிருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வரும் புகார். லிஃப்ட் நின்றால் மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும், மாற்றுத்திறனாளிக்கு வீட்டுச் சிறை. வேலை, பிசியோதெரபி, பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் நகருக்குள் இருக்க, வீடு மட்டும் புறநகரில் கிடைத்தால் ஆட்டோவுக்கே சம்பளம் போய்விடும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

தரைத்தளம் கிடைத்துவிட்டால் நிம்மதியா?

இங்கேதான் ஒரு முரண் இருக்கிறது. சென்னை, கடலூர், தூத்துக்குடி என்று வெள்ளம் பார்த்த ஊர்களில் முதலில் மூழ்குவது தரைத்தளம்தான். மாடி ஏற முடியாததால் தரைத்தளம் வாங்கியவர், வெள்ளம் வந்தால் மாடி ஏற முடியாமலேயே மாட்டிக்கொள்கிறார்.

பேரிடர் காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சம பாதுகாப்பு தர வேண்டும், மாவட்டத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற விவரத்தை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் பிரிவு 8. மழைக்காலத்துக்கு முன்பே அந்தப் பட்டியலில் உங்கள் வீட்டில் இருப்பவர் பெயர் இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

புதிதாகக் கட்டும் சின்ன அபார்ட்மென்ட்களில் இன்னொரு விஷயம் கவனித்திருப்பீர்கள். கீழே முழுக்க கார் பார்க்கிங், வீடுகள் முதல் மாடியிலிருந்துதான். லிஃப்ட் இருக்கும். ஆனால் லிஃப்ட்டுக்குப் போக ரெண்டு படி இருக்கும்! ஜெனரேட்டர் இணைப்பு லிஃப்ட்டுக்கு உண்டா என்று கேட்டால் "அது அசோசியேஷன் முடிவு" என்பார்கள்.

தனியார் பில்டரைச் சட்டம் கட்டுப்படுத்துமா?

கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது.

பிரிவு 44-ன்படி, அணுகல்தன்மை விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்கு எந்த 'நிறுவனத்துக்கும்' கட்டட அனுமதி தரக்கூடாது. கட்டி முடித்த பிறகு விதியைப் பின்பற்றவில்லை என்றால் நிறைவுச் சான்றும் தரக்கூடாது. 'நிறுவனம்' என்பதில் அரசு, தனியார் இரண்டும் அடக்கம். கம்பெனி, கூட்டு நிறுவனம், சங்கம் எல்லாம் இதில் வரும். ஆனால் ஒரு தனிநபர் தன் மனையில் கட்டி வாடகைக்கு விடும் வீட்டை இந்தப் பிரிவு நேரடியாகத் தொடுவதில்லை. நம் ஊரில் வாடகை வீடுகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டவைதான்.

பழைய கட்டடங்களை 5 ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்ற பிரிவு 45-ம் 'பொதுக் கட்டடங்கள்' பற்றியது. விதிகள் வந்தது 2017 ஜூன். ஆக, அந்தக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. குடியிருக்கும் வீடு அதில் வரவில்லை. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

2024 நவம்பர் 8-ம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு தந்தது. சட்டம் 'கட்டாயம்' என்கிறது, ஆனால் அதன் கீழ் வந்த விதி 15(1) வெறும் பரிந்துரைகளை மட்டும் சுட்டிக்காட்டுகிறது, எனவே அந்த விதி சட்டத்துக்கே முரணானது என்று அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு சொன்னது. எவை கட்டாயம், எவை படிப்படியாகச் செய்யலாம் என்று பிரித்து 3 மாதத்துக்குள் விதிகள் வகுக்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

எளிமையாகச் சொன்னால், "செஞ்சா நல்லது" என்பதற்கும் "செஞ்சே ஆகணும்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நீதிமன்றம் காட்டியது.

வாடகை வீட்டில் மாற்றம் செய்ய முடியுமா?

ஓனர் சம்மதித்தால் முடியும். கைப்பிடி மாட்டுவது, கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுவது, வெஸ்டர்ன் டாய்லெட் வைப்பது எல்லாம் பெரிய கட்டட வேலை இல்லை. ஆனால் சுவரில் ஓட்டை போடவே தயங்கும் ஓனரிடம், சாய்தளம் கேட்பது எப்படி? சொந்த ஃபிளாட் என்றாலும், பொது இடத்தில் சாய்தளம் போட அசோசியேஷன் தலையாட்ட வேண்டும். "பைக் நிறுத்துற இடம் போயிடும்" என்ற ஒரே காரணத்தில் பல கோரிக்கைகள் கூட்டத்திலேயே முடிந்துவிடும்.

மற்ற நாடுகளில் இதை எப்படிக் கையாள்கிறார்கள்?

அமெரிக்கா: 1988-ல் திருத்தப்பட்ட நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தின்படி, மாற்றுத்திறனாளி என்பதற்காக வாடகைக்குத் தர மறுக்க முடியாது. வாடகைதாரர் சொந்தச் செலவில் தேவையான மாற்றங்கள் செய்ய ஓனர் அனுமதிக்க வேண்டும். 1991 மார்ச்சுக்குப் பிறகு குடியேற்றத்துக்கு வந்த, 4 அல்லது அதற்கு மேல் வீடுகள் உள்ள கட்டடங்களில் அடிப்படை அணுகல் வசதிகள் கட்டாயம்.

இங்கிலாந்து: வீட்டை மாற்றியமைக்க உள்ளாட்சி மூலம் 30,000 பவுண்டு வரை மானியம் பெற வழி உண்டு. வாடகைதாரரும் விண்ணப்பிக்கலாம்.

சிங்கப்பூர்: நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வசிக்கும் அரசு அடுக்குமாடிகளில், முன்பு லிஃப்ட் சில தளங்களில் மட்டும்தான் நிற்கும். 2001 முதல் எல்லாத் தளங்களிலும் நிற்கும்படி மாற்றும் திட்டத்தைக் கொண்டு வந்தார்கள். 2012 முதல் கைப்பிடி, வழுக்காத தரை, சின்னச் சாய்தளம் ஆகியவற்றுக்கு மானியமும் தருகிறார்கள்.

மூன்றிலும் பொதுவான ஒன்று இருக்கிறது. ஆளைப் பார்த்து உதவி செய்வதோடு நிற்கவில்லை, வீட்டை மாற்றப் பணமோ சட்டமோ கொடுத்திருக்கிறார்கள். நம்மிடம் செயற்கைக்கால், ஸ்கூட்டர், உதவித்தொகை என்று ஆளுக்குத் திட்டங்கள் உண்டு. அந்த ஸ்கூட்டர் நிற்கும் வாசலை மாற்றுவதற்கும் அதே அளவு கவனம் வேண்டும்.

"எங்களுக்கு அப்புறம் யாரு?"

அறிவுசார் குறைபாடு, மனநல பாதிப்பு உள்ளவர்களின் பெற்றோர் தினமும் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. வீடு இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநல பாதிப்புள்ளவர்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள்.

அதே தமிழ்நாட்டில்தான் வேறு ஒரு வழியும் முயற்சி செய்யப்பட்டது. சென்னையின் 'தி பேனியன்' அமைப்பு, நீண்டகாலம் காப்பகத்தில் இருந்தவர்களை நாலைந்து பேராக, சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியமர்த்தும் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தை 2015-ல் தொடங்கியது. தேவையான அளவு உதவியாளர் துணை உண்டு. சமைப்பது, கடைக்குப் போவது, பக்கத்து வீட்டில் பேசுவது எல்லாம் அவர்களே.

யாரையும் குறிப்பிட்ட காப்பகத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது, சமூகத்தில் மற்றவர்களோடு வாழ அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது 2016 சட்டத்தின் பிரிவு 5. 'வீடு' என்ற சொல்லுக்குத் தமிழில் விடுதலை என்றும் ஒரு பொருள் உண்டு. இவர்கள் விஷயத்தில் அது அப்படியே பொருந்துகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* மாற்றுத்திறனாளி அட்டை முக்கியம். 40 சதவீதமோ அதற்கு மேலோ என்ற சான்று இருந்தால்தான் 5 சதவீத ஒதுக்கீட்டில் வர முடியும்.

* அரசு வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது 5 சதவீத ஒதுக்கீட்டையும், தரைத்தள முன்னுரிமையையும் மனுவில் தனியாகக் குறிப்பிடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.

* திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் ஒரு நகல் கொடுங்கள்.

* பதில் இல்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம். விசாரணையில் சிவில் நீதிமன்றத்துக்குரிய சில அதிகாரங்கள் அவருக்கு உண்டு.

* ஃபிளாட் வாங்கும் முன் டைல்ஸ் எந்த பிராண்ட் என்று கேட்பதோடு, லிஃப்ட்டுக்கு முன் படி உண்டா, பாத்ரூம் கதவு எத்தனை அடி என்றும் கேளுங்கள்.

* வீட்டு ஓனரா நீங்கள்? கைப்பிடி மாட்ட அனுமதி கேட்டால் சரி என்று சொல்லுங்கள். காலி செய்யும்போது நாலு ஸ்க்ரூ ஓட்டையை அடைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வாய்ப்பும் வந்திருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழி செய்யும் சட்டத் திருத்தம் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. கட்டட வரைபடத்துக்கு அனுமதி தருவதும் அதே உள்ளாட்சிதான். "இந்தப் பிளான்ல வாசல் எவ்வளவு உயரம்? சாய்தளம் எங்கே?" என்று கேட்க, பாதிக்கப்பட்ட ஒருவரே அந்த மன்றத்தில் உட்கார முடியும்.

கதவுக்கு அரை அடி கூடுதலாக விட, கட்டும்போது ஆகும் செலவு கொஞ்சம்தான். கட்டி முடித்த பிறகு என்றால் சுவரை இடிக்க வேண்டும், நிலையைப் பிடுங்க வேண்டும், டைல்ஸ் மாற்ற வேண்டும். அதனால் புது வீட்டுக்குப் பிளான் போட உட்காரும்போதே இன்ஜினீயரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அந்தக் கதவு வழியே முதலில் நாற்காலியில் போகப் போவது யார் என்று இப்போது யாருக்கும் தெரியாது.